சிடுமூஞ்சியைக் காணவில்லை

கட்டட பிளான் வரைகிற கணவர் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். எதிர் அறையில் பாடப்புத்தகத்துக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு அவருடைய இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. வீடு கட்டப்போகிறவர் பிளானை வாங்கிப்போக எந்த நிமிஷமும் வந்துவிடுவார். பிளானோ கம்ப்யூட்டரைவிட்டு வெளியே வர மறுத்தது.

பெரிய பிரிண்டர் இருப்பது அவளுடைய விண்டோஸில். அவர் வரைவது லினக்ஸில். இரண்டையும் சேர்த்துவைத்தவர் அவரேதான். இனி இந்த வீட்டில் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு யாரும் அலைய வேண்டாம் என்று அன்றைக்கு மார்தட்டினார். இன்றைக்கு அவளுடைய கம்ப்யூட்டர் அவருடையதன் கண்ணில் படவே இல்லை. ரௌட்டரை அணைத்துப் போட்டார். கேபிளை மாற்றினார். விண்டோஸ் செய்தவர்களின் பரம்பரையையே வாரினார். அவள் ஒன்றும் அறியாத பிள்ளை போல வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தது அவள்தான். போன வாரம் அவள் தம்பி மேக் லேப்டாப்போடு வந்து, வீட்டில் என்னென்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்று பட்டியலைத் திறந்தான். அத்தான் தன் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பெயர் சக்கரவர்த்தி. அக்காவுடையதற்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகத் தன்னைக் கலகலப்பானவள் என்றல்லவா நினைத்திருந்தாள். பெயரை மாற்றுவது எப்படி என்று தம்பியிடமே கேட்டுக்கொண்டு, அன்றைக்கே மாற்றிவிட்டாள். பட்டியலில் தேடுவதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை என்று, பெயரை நேரே தட்டித் திறப்பவர் சக்கரவர்த்தி. அதனால் அவருக்கு இது தெரிய வழியில்லை.

வேறு வழியில்லாமல் அவர் மச்சானுக்கே போன் போட்டார். அந்தப் பயலும் அக்கா கட்சி. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றான். அவர் போனை வைத்தார்.

அப்போதுதான் அவள் எழுந்து வந்தாள்.

“எந்தப் பேர்ல தேடுறீங்க?”

“ஏதோ ஒரு பேரு. நான் வெச்சதுதான்.”

“சொன்னாத்தானே நானும் பார்க்க முடியும்.”

அவர் ரௌட்டரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தப்பிக்க எங்கேயும் இடமில்லை. கீபோர்டைப் பார்த்தபடி, “சிடுமூஞ்சி” என்று முனகினார்.

“அந்தப் பேர்ல இந்த வீட்ல யாரும் இல்ல.”

அவருக்குப் புரிந்துவிட்டது. காது மடல்வரை சிவந்தது. புதுப் பெயர் என்னவென்று கேட்பதற்குள் தொண்டையை நாலு முறை கனைத்தார்.

“மன்னிக்கணும்” என்றாள் அவள். “ஒவ்வொரு எழுத்தா அடிங்க.”

முதலில் ‘மன்னிச்சிடு’ என்று வைக்கத்தான் நினைத்திருந்தாள். மரியாதை போதாது என்று பட்டது.

அவர் அடித்தார். எதிர் அறையில் பெரிய பிரிண்டர் கடகடவென்று காகிதத்தை இழுத்தது. இனி ஓடிப்போய் பிளானைப் பிடித்துக்கொள்வார், விஷயம் அதோடு சரி என்று அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றார்.

“மன்னிக்கணும்” என்றார்.

இப்போது அடிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வாயால்தான் சொன்னார். அவளுக்கு நன்றாகவே கேட்டது. நெஞ்சு குளிர்ந்தும் போயிற்று. ஆனால் ஒரு வாரத்து வலியை அவ்வளவு மலிவாக விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை.

“பிரிண்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

“மன்னிக்கணும்” என்றார் அவர், வீடே அதிரும்படி.

“பரவாயில்லைங்க” என்று வாசலிலிருந்து பதில் வந்தது. வீடு கட்டப்போகிறவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். “நானும் இப்பதான் வந்தேன்.”