ஏழாம் எண் காட்சிமுனை

ஏரிக்கரையில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் ஏரியைப் பார்த்துத்தான் வாசல் வைப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏரிக்காற்றை ஒரே ஒரு குளிர்காலம் முகத்தில் வாங்கியவன் அந்தத் தப்பைச் செய்யமாட்டான். தையல்காரியின் வீடும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றது. தெருவைப் பார்த்த முன்னறையில் அவளுடைய தையல் மிஷின், வெட்டுமேசை, துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்காக ஆளுயரக் கண்ணாடி. அதற்குப் பின்னால் படுக்கையறைகள், சமையலறை. எல்லாம் முடிந்த பிறகு, ஏரிப் பக்கச் சுவரை ஒட்டிக் குளியலறை. ஈரம் தங்கக் கூடாதென்று அந்தச் சுவரில் மட்டும் ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் உயரத்தில், பால்நிறக் கண்ணாடி போட்டு, வெளிப்பக்கம் தள்ளித் திறக்கிற ஜன்னல். குடிவந்த நாளிலிருந்து அதன் வழியாக யாரும் எதையும் பார்த்ததில்லை. குளிக்கப் போகிறவர்களுக்கு உள்ளே வேறு வேலை இருந்தது.

வீட்டில் மொத்தம் மூன்று பேர். தையல்காரி ஒருத்தி. படகுத்துறையில் மிதிபடகுகளைப் பழுதுபார்க்கும் அவள் கணவன். கேட்டால் ஒழியப் பேசாதவன், கேட்டாலும் பாதிதான் பேசுவான். மூன்றாவது, அவனுடைய அக்கா. இந்த நாத்தனார் தபாலாபீஸ் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவர், அந்தப் பத்து நாளை எண்ண ஆரம்பிக்கவே மறந்துவிட்டார். எதிரே வரிசையில் நிற்க ஆளில்லாத வீட்டில் அவருக்குப் பொழுது போகவில்லை. காலை டீக்கு இரண்டு பேர் வந்தால்கூட, முதலில் யார் வந்தது என்று கேட்டுத்தான் ஊற்றுவார்.

வெயில் காலம் தொடங்கிய ஒரு காலையில் தையல்காரி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. நாத்தனாராகத்தான் இருக்கும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், நடைவழியில் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் பைனாகுலர் தொங்க ஓர் அப்பா, தொப்பி போட்ட அம்மா, பிஸ்கட் தின்றுகொண்டு இரண்டு பெண் பிள்ளைகள்.

"முடிஞ்சுதுங்களா? நாங்க பாக்கலாமா?" என்று அப்பா மரியாதையாகக் கேட்டார்.

எதை என்று அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார்தான் விவரம் சொன்னார். சுற்றுலாத் துறை புதிதாக ஒரு மேப் போட்டிருக்கிறதாம். பார்க்க வேண்டிய இடங்களில் எல்லாம் சின்னதாகக் கேமரா படம் போட்டு எண் கொடுத்திருக்கிறார்களாம். ஏழாம் எண் காட்சிமுனை சரியாக இந்த வீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாத்தனார் மேப்பைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டார்; எப்படிப் பார்த்தாலும் வீடு மாறவில்லை. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அறை அறையாகத் தேடியதில், ஏரி தெரியக்கூடிய இடம் குளியலறை ஒன்றுதான் என்று முடிவாகியிருக்கிறது.

அப்பா உள்ளே போனார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி ஜன்னலைத் தள்ளினார். பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்று முடிக்கும் வரை இறங்கவில்லை. அவர் இறங்கியதும் அம்மா ஏறினாள். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பினதிலிருந்து இவர்கூட நான் பேசவே இல்லை, இப்போது எதற்குச் சண்டை போட்டோம் என்றே ஞாபகம் வரவில்லை என்றாள். கத்துவதற்காக மூச்சை இழுத்து வைத்திருந்த தையல்காரி, அந்த மூச்சை விட்டுவிட்டு, தலையிலிருந்த துண்டின் காய்ந்த முனையை அவளிடம் நீட்டினாள்.

அங்கேதான் எல்லாம் கெட்டது.

மறுநாள் இரண்டு குடும்பம் வந்தது. அதற்கு மறுநாள் ஒரு வேன். வார இறுதியில் பஸ்ஸே வந்து தெருமுனையில் நின்றது. முன்னறை கடை என்பதால் வருகிறவர்களைத் தடுக்கக் கதவும் இல்லை. நாத்தனாருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. வெட்டுமேசையிலிருந்து குளியலறை வரை கயிறு கட்டினார். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றார். வாளியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஏறலாம், தம்பதியாக இருந்தாலும் சரி. காத்திருந்தவர்கள் தையல்காரியின் துணிகள்மேல் உட்கார்ந்தார்கள். பொத்தான் அறுந்தவர்கள் நின்ற இடத்திலேயே சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினார்கள்.

கணவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாளே சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டான். எங்கே குளிக்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "அங்கதான்" என்றான். படகுத்துறையில் ஒரு குழாய் இருப்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் கேட்கவில்லை. அவள் மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து நாளைத் தள்ளினாள்.

கடைசியில் மேப்பும் கையுமாகச் சுற்றுலா அலுவலகத்துக்கே போய்விட்டாள். அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்து, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். உண்மையான ஏழாம் எண், மேலே குன்றில் இருக்கிறது என்றார். பெஞ்சு உண்டு, கம்பித் தடுப்பு உண்டு, திறப்பு விழாக் கல்கூட உண்டு. ஆனால் எதிரே மரங்கள் வளர்ந்து, மரத்தைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. வருஷக்கணக்காகப் புகார்தான். புது மேப் வந்த பிறகு ஒரு புகார்கூட இல்லை.

"தப்பு எங்க பேர்லதான், ஒத்துக்கறேன்" என்றார் அதிகாரி. "ஆனா நல்ல தப்புங்க அது. திருத்த மனசு வரல."

மறுவாரம் அவரே நேரில் பார்வையிட வந்தார். வாளியில் ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி, சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு குறைகளைச் சொன்னார். பச்சை சோப்புப் பெட்டி காட்சியின் ஓரத்தில் துருத்துகிறது. பல் துலக்கும் பிரஷ்கள் புகைப்படத்தில் விழுகின்றன. உயரமான இடத்தில் தடுப்பு இல்லாதது விதிமீறல். அவர் போன கையோடு ஆட்கள் வந்து, ஜன்னலுக்குக் கீழே வழவழவென்று கம்பித் தடுப்பு பதித்து, 'எட்டிப் பார்க்காதீர்கள்' என்று பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். எட்டிப் பார்க்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு, அளவாக எட்டுங்கள் என்று நாத்தனார் பதில் வைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் பறவையைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. காலையில் முதலில் வருகிறவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். ஏரிக்கு நடுவிலிருக்கும் திட்டின் நாணல் புதர்ப் பக்கம் வருமாம். உடம்பு தண்ணீருக்குள், தலை மட்டும் வெளியே. உச்சியில் வெள்ளை வெளேரென்று கொண்டை. சட்டென்று முங்கும். வேறோர் இடத்தில் எழும்பும், எழும்பும்போது கொண்டை இருக்காது. அதிகாரி விடிவதற்குள் வந்து வாளியில் ஏறி, கலங்கலாக ஒரு படம் எடுத்து, தலைமையிடத்துக்கு அனுப்பினார். அங்கே கூடிப் பேசி, இது இதுவரை யாரும் பார்த்திராத இனம் என்று முடிவு செய்து, அதற்கு ஒரு நீளமான பெயரும் வைத்தார்கள். சுவரொட்டி அடித்தார்கள். அதன்பிறகு தெருவில் நடக்க வழியில்லை.

ஒரு நாள் காலையில் தையல்காரிக்குப் பொறுமை தீர்ந்தது. தோளில் துண்டும் கையில் சோப்புமாக நேரே குளியலறைக்கு நடந்தாள். நாத்தனார் கயிற்றைக் குறுக்கே பிடித்தார்.

"வீட்டு ஆளுன்னு உன்ன விட்டா, நாளைக்கு எல்லாரும் சொந்தம் கொண்டாடுவாங்க. பின்னாடி போய் நில்லுமா."

அவள் போய் நின்றாள். முன்னால் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பின்னால் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு புகைப்படக்காரர். சோப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே அதுவும் கொண்டு போகலாமா, எங்களிடம் யாரும் சொல்லவில்லையே என்று அவர் வருத்தப்பட்டார். அவள் முறை வந்தது. உள்ளே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

இரண்டு நிமிஷம் ஆனதும் நாத்தனார் தட்டினார். அவள் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். மறுபடி தட்டினார். மறுபடி ஊற்றினாள். வெளியே முணுமுணுப்பு ஏறியது. யாரோ, கொஞ்சம் பேசாமல் இருங்கள், தண்ணீர்ச் சத்தம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அருவி இருப்பதாக மேப்பில் போடவில்லையே என்று இன்னொருவர் கேட்டார். நாத்தனார் அதிகாரிக்கு ஆள் அனுப்பினார்.

குளித்து முடித்து உடுத்திக்கொண்ட பிறகும் அவளுக்குக் கதவைத் திறக்க மனம் வரவில்லை. வாளி காலியாக இருந்தது. கவிழ்த்துப் போட்டாள். இத்தனை பேர் பார்த்ததை, வீட்டுக்காரி தான் ஒருத்தி மட்டும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏறினாள்.

இரண்டு குன்றுகளும் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கியிருந்தன. திட்டுக்குமேல் பனி நூல் பிரிந்த மாதிரி கலைந்துகொண்டிருந்தது. தனக்குப் பின்னாலேயே இவ்வளவையும் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் தெருவைப் பார்த்துத் தைத்திருக்கிறோமே என்று நினைத்தாள். ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

அப்போது நாணல் ஓரம் பறவை எழும்பியது.

அந்தத் தலையை அவளுக்குத் தெரியும். அதில் மிச்சமிருக்கும் முடியை மாதாமாதம் வெட்டிவிடுகிறவள் அவள்தான். கொண்டையாக இருந்தது ஷாம்பு நுரை. பறவை முதலில் இடது காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டது, பிறகு வலது காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கியது. சற்றுத் தள்ளி ஒரு மிதிபடகு கட்டியிருந்தது. அதன் இருக்கையில் இவள் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை மடித்துவைத்திருந்தது.

அவள் இறங்கி, வாளிமேல் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கம்பித் தடுப்பே ஆடியது. ஓய்ந்த பிறகு, காலையில் அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிரும் என்ற நினைப்பு வந்தது. இத்தனை நாளும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குள் அதிகாரி வந்து கதவுக்கு வெளியே நின்று, அம்மா, அம்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் கதவோரம் போனாள்.

"சார், கிட்ட வாங்க. மெதுவா பேசணும். அந்தப் பறவை எனக்குத் தெரிஞ்ச பறவை."

"தெரிஞ்சதுன்னா? எப்படிங்க?"

"கட்டிக்கிட்டிருக்கேன்."

வெளியே வரிசையை இரண்டடி பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஒரு வழியாக அதிகாரியின் குரல் வந்தது. கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசினார்.

"தலைமையிடத்துல பேர் வச்சுட்டாங்கம்மா."

"அதுக்கு முன்னாடியே எங்க மாமியார் வச்சுட்டாங்க, சார்."

அதன்பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது. வரிசையில் நிற்பவர்களிடம் இப்போதே சொல்லிவிடட்டுமா, அல்லது எனக்கு ஒரு குளியலறை கிடைக்குமா என்று அவள் கேட்டாள். குளியலறை கிடைக்கும் என்று அவர் சொன்னார். வெந்நீர் வேண்டும் என்றாள். வரும் என்றார். ஜன்னல் கூடாது என்றாள். அதற்கு அவர் சத்தியமே செய்தார்.

மழை தொடங்குவதற்குள் தெருப் பக்கம், முன்னறையை ஒட்டி, புதுக் குளியலறை எழும்பிவிட்டது. முதல் நாள் கணவன்தான் போனான். வெளியே வர மனமில்லாமல் உள்ளேயே கிடந்தான். வந்தபோது விரல் நுனியெல்லாம் சுருங்கி, முகம் சிவந்து, "நல்லாருக்கு" என்றான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

ஆனால் மறுநாள் விடிகாலையில் வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அதற்கடுத்த நாளும் பறவை வரவில்லை. முதல் புகார் வந்ததும் அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படகுத்துறைக்கே போனார். மறுபடி திட்டுப் பக்கம் வர முடியுமா என்று அவர் கெஞ்சியதைக் கணவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். அங்கே தண்ணீருக்குள் இருக்கும்போது யாரும் தன்னிடம் பேசுவதில்லை, அது ஒன்று பிடித்திருந்தது என்று சொல்லி, கொஞ்ச நேரம் என்றால் பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டான். வீட்டில் தையல்காரி ஒரே ஒரு கட்டுப்பாடு விதித்தாள். காற்று குளிர ஆரம்பித்தால், தலைமையிடமே கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது.

நாத்தனாரின் பத்து நாளைப் பற்றி இனிப் பேசுவதற்கில்லை. துறை அவரைக் காட்சிமுனைப் பொறுப்பாளராக எடுத்துக்கொண்டு, சீருடைத் துணியும் கொடுத்துவிட்டது. தையல்காரிதான் தைத்தாள். அளவெடுக்கும்போது நாத்தனார் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, "நான் இங்கயே இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டார். கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வாயில் குண்டூசி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். அது இல்லை என்ற ஆட்டலா, ஆமாம் என்ற ஆட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை. நாத்தனார் இல்லை என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பாக்கெட் கூட வேண்டும் என்றார். அவள் மூன்றாகவே வைத்தாள்.

குளிர் வந்தது. 'பறவை வலசை சென்றுள்ளது' என்று துறை ஒரு பலகை மாட்டியது. அப்படியும் ஒரு பறவைப் பிரியர், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, எந்த நாட்டுக்குப் போகும் என்று தெரியுமா என நாத்தனாரைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் தெரிந்துபோயிருந்த நாத்தனார் சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, வெந்நீர் கிடைக்கிற நாட்டுக்கு என்றார்.

முன்னறையில் தையல்காரி மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் செம்புச் சத்தம் நின்று, "துண்டு" என்று ஒரு குரல் கேட்டது. பறவைப் பிரியர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.