காயாத சட்டைப்பை

ஜவுளிக்கடைக்காரரின் இடது சட்டைப்பை ஆறு வருடம் காயவில்லை. சட்டை புதிதோ பழையதோ, பருத்தியோ பாலியெஸ்டரோ, பொத்தான் போட்டு முடிப்பதற்குள் நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்துவிடும். அவர் மனைவி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து உப்பு என்றாள். அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போக இரண்டு நாள் ஆகும். மருத்துவர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இருதயத்தில் பழுதில்லை, ஒழுகுவது பைதான், அதற்குத் தையல்காரரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். தையல்காரர் உள்ளே ரப்பர்த் துணி வைத்துத் தைத்தார். ரப்பரும் நனைந்தது. அதற்குப் பிறகு கடைத்தெரு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டது. தெருவிளக்கு எரியாததையும் ஒரு மாதம் பேசிவிட்டு விட்டவர்கள்தானே.

அந்தப் பையில் இருந்தது ஒரு சாண் சிவப்பு நூல். அந்தத் தெரு ஜவுளிக்கடைகளில் ஒரு நடைமுறை உண்டு. வந்தவர் ஒரு துணி பிடித்துப்போய், முடிவெடுக்க மனம் வராமல், எடுத்து வையுங்கள், வந்து பார்க்கிறேன் என்றால், ஒரு சிவப்பு நூலை இரண்டாகப் பிய்த்து, பாதியைத் துணியின் மூலையில் கட்டி, மறுபாதியை அவர் கையில் கொடுப்பார்கள். நூல் கட்டிய துணியை வேறு யாருக்கும் விற்பதில்லை, மடிப்பைக்கூடப் பிரிப்பதில்லை. அது மேல்தட்டுக்குப் போய்விடும். வந்து பார்க்கிறேன் என்பவர்களில் பாதிப் பேர் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் துணி அங்கேயே கிடக்கும், விற்ற சரக்காகவும் இல்லாமல், விற்காத சரக்காகவும் இல்லாமல், வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு.

கடை ஒரு காலத்தில் இரண்டு மடங்கு அகலம். அண்ணனும் தம்பியான இவரும் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணனுக்குக் கண் விரலில் இருந்தது. துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். பிடித்திருந்தால் பிடித்தபடி நிற்பார். பிடிக்கவில்லையென்றால் செத்த எலியின் வாலை விடுவதுபோல் விட்டுவிடுவார். தம்பி தானே தேர்ந்தெடுத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறக்கிய நாற்பது பேல் திரைத்துணியை, கடை நிறைய ஆள் இருந்தபோது அப்படி விட்டார். அந்த வாரமே கொத்தனார் வந்து கடைக்கு நடுவில் சுவர் எழுப்பினார். ஒன்பது வருடம் சுவருக்கு இரண்டு பக்கமும் கத்தரிக்கோல்கள் மட்டும் பேசிக்கொண்டன.

பிறகு ஒரு நாள் காலை பதினோரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "தம்பி" என்று ஒரு குரல் வந்தது. கடைக்காரருக்கு அது தெளிவாகக் கேட்டது. உள்ளுக்குள் ஏதோ துள்ளவும் செய்தது. ஆனால் அவர் வியாபாரி. எதிராளி சொன்ன முதல் விலைக்கே எழுந்து கை கொடுத்துப் பழக்கமில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும், போவோம் என்று கையிலிருந்த துணியை எட்டாக மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். இரண்டாவது தடவை குரல் வரவில்லை. கூப்பிட்டவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துபோயிருந்தார். தம்பி இதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

இரண்டு வருடம் கழித்து, அதிகம் விற்ற கடைகளுக்கு மில்காரர்கள் வெளிநாட்டுத் தீவு ஒன்றில் ஐந்து நாள் விடுமுறை அறிவித்தார்கள். மில்லின் கணக்கில் சுவர் ஏறியிருக்கவில்லை. அங்கே அது இன்னும் அண்ணன் தம்பி கடைதான். இரண்டு டிக்கெட் வந்தது, ஒன்று செத்தவர் பெயரில். நாலு தடவை போன் போட்டு அதை மனைவி பெயருக்கு மாற்றினார் கடைக்காரர். "உங்க அண்ணனுக்கு வந்த டிக்கெட்லதான் நான் வெளிநாடு பாக்கணும்னு இருக்கு. அவர் வேண்டாம்னு விட்டதுதானே எப்பவும் நமக்கு வருது," என்றாள் அவள், பெட்டியை அடுக்கிக்கொண்டே.

தீவில் மனிதர்கள் குறைவு, மற்றவை அதிகம். மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் நனைந்த குடைகள் மாதிரித் தொங்கின. ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு தினமும் ஒன்பது மணிக்கு நீச்சல் குளத்தில் இறங்கி, இரண்டு சுற்று நீந்தி, ஏறி, யாரையும் பார்க்காமல் போனது. மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றபோது பக்கத்தில் ஓர் ஆமை தலை தூக்கி, மாடிப்படி ஏறி வந்த பெரியவரைப் போல் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போயிற்று. அவள் அதற்கு வணக்கம் சொன்னாள். அறையில் இருந்தது இரண்டு பேர். துண்டு மூன்று வைத்தார்கள், தேநீர்க் கோப்பையும் மூன்று. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் சாயங்காலம் மறுபடி வந்தது. மூன்றாவது கோப்பை எப்போது பார்த்தாலும் காலியாக இருந்தது.

"யாரு குடிச்சா?"

"எறும்பு."

"சர்க்கரையை விட்டுட்டுத் தேநீரை மட்டும் குடிக்கிற எறும்பா?"

அண்ணனுக்குச் சர்க்கரை ஆகாது. அன்று மத்தியானம் செந்நண்டுகள் ஆயிரக்கணக்கில் காட்டிலிருந்து கடலுக்கு இறங்கின. பாதையில் நின்றவர்களின் கால்களைச் சுற்றி அவை பிரிந்து ஓடின. மனைவியின் கால்களைச் சுற்றிப் பிரிந்தன, கடைக்காரரின் கால்களைச் சுற்றிப் பிரிந்தன, அவருக்கு வலப்புறம் ஒரு கை தூரத்தில், ஒன்றுமே இல்லாத தரையில், இரண்டு பாத அளவுள்ள இடத்தைச் சுற்றியும் பிரிந்தன. வழிகாட்டி அதைப் பார்த்தார். எல்லா மொழியிலும் கொஞ்சம் பேசுகிற மனிதர் அவர். "கூட வந்தவர் வெயில்ல நிக்கிறார், நிழலுக்கு வரச் சொல்லுங்க," என்றார்.

ஐந்தாம் நாள், படகுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, திறந்தவெளிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு கிழக்குரங்கு வந்தது. மேசைகளில் வெட்டி வைத்த பழங்களை அது திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வந்து, கடைக்காரரின் வலப்புறமிருந்த மூன்றாவது நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. அவருடைய சட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தது. பிறகு செத்த எலியின் வாலை விடுவதுபோல் விட்டது. மனைவியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "ஏங்க," என்றாள் அவள் மெதுவாக, "இது அவருதானே?"

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்று நான் எழுந்து வந்திருந்தால் உயிர் இருந்திருக்குமா? படகு சங்கு ஊதியது. வழிகாட்டி பெட்டிகளைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் கேட்கப் பயம், கேட்காமல் போகவும் மனமில்லை. அப்படி நிற்கிறவர்களுக்கு என்ன செய்வது என்று முப்பது வருடத் தொழில் அவர் கைக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. கை தானாகப் பைக்குள் போய், தொழில் பழக்கத்தில் எப்போதும் அங்கே கிடக்கும் சிவப்பு நூலை எடுத்தது. குரங்கு மணிக்கட்டை நீட்டியது. பாதியைப் பிய்த்து அதில் கட்டி, மறுபாதியைப் பையில் போட்டுக்கொண்டு, "எடுத்து வைங்க, வந்து பாக்குறேன்," என்றார் அவர்.

வழிகாட்டி பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அய்யா, அதை அவிழ்த்துடுங்க. இந்தத் தீவு சொன்ன சொல்லைக் காப்பாத்தும். எடுத்து வைக்கச் சொன்னா எடுத்து வச்சுடும்." ஆனால் குரங்கு அதற்குள் மரத்தின் உச்சிக் கிளைக்கு ஏறிப்போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்த துணிக்கட்டு மாதிரி அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

படகு ஏறும்போதே பை நனைந்திருந்தது. ஊர் வந்த பிறகு துணிச் சுருளைப் பிரித்தால் மணல் கொட்டியது. வாடிக்கையாளர்கள் உதறி வாங்கிப் பழகிக்கொண்டார்கள். வெல்வெட்டில் காதை வைத்தால் அலை கேட்கிறது என்று கல்யாணத்துக்கு எடுக்க வந்த பெண்கள் வெல்வெட்டாகக் கேட்டார்கள், அந்த வகையில் வியாபாரம் கூடத்தான் செய்தது. தினமும் பதினோரு மணிக்கு மட்டும் கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார். திரும்பிப் போக அவர் முயலாமலில்லை. டிக்கெட் போடுகிறவரிடம் அப்படி ஒரு தீவு பட்டியலில் இல்லை. மில்லில் விசாரித்தால், அந்த வருடம் யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை, சுவர்க் கடிகாரம்தான் கொடுத்தோம் என்றார்கள். எடுத்த படங்களிலெல்லாம் கணவனும் மனைவியும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். நடுவில் தெரிந்த கடல் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. மனைவி அவற்றை அலமாரியில் பூட்டி வைத்தாள். பூட்டு துருப்பிடித்தது.

ஆறாவது வருடம் ஒரு காலை, தலைமையாசிரியை ஒருவர் பள்ளிக்கூடத் திரைக்குத் துணி பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பாதிக்குக் கேட்டிருந்தார், கடைக்காரர் இன்னும் வருத்தப்பட்டு முடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "தம்பி" என்று ஒரு குரல் வந்தது.

"வந்துட்டேண்ணே," என்று எழுந்தார் அவர். பேரத்தின் நடுவில் ஒரு வியாபாரி எழுந்து போனதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தப் பக்கக் கடை எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சாவி மாடியில் குடியிருந்த அண்ணியிடம் இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் படியேறி வந்தவரை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"சாவி குடுங்க அண்ணி. அண்ணன் கூப்பிட்டாரு."

"எத்தனை தடவை கூப்பிட்டாரு?"

"ஒரு தடவைதான்."

அவள் கொஞ்ச நேரம் அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். "அன்னைக்கும் ஒரு தடவைதான் கூப்பிட்டாரு. எனக்கும் கேட்டுச்சு. உங்களத்தானே கூப்பிடுறாரு, அண்ணன் தம்பி பேசிக்கட்டும்னு நான் இறங்கி வரல." சாவியை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். "எட்டு வருஷமா நானும் யார்கிட்டயும் சொல்லல."

கதவைத் திறந்தபோது உள்ளே கணுக்கால் அளவு மணல். அதில் நண்டுத் தடம் நாற்காலி வரை போய், இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் சேர்ந்திருந்தது. நாற்காலி நனைந்திருந்தது. அதன் வலது கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. கடைக்காரர் தன் பாதியை எடுத்துப் பிய்ந்த நுனிகளைப் பொருத்தினார். இழை இழையாகப் பொருந்தியது. பாதிகள் பொருந்திவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை, சரக்கைக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் நடைமுறை. "நான் இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு இருந்துட்டேண்ணே," என்றார். வலப்புறம் சட்டையின் ஓரத்தை இரண்டு விரல்கள் பிடித்து ஒரு தேய்ப்புத் தேய்த்தன. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். வாசலில் நின்ற அண்ணியும் அப்படியே நின்றாள். விரல்கள் விடவில்லை.

அவர் திரும்பி வரும்போது பை காய்ந்திருந்தது. காத்திருந்த தலைமையாசிரியை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து அண்ணி அந்தப் பக்கக் கடையைத் திறந்தாள். சுவரில் ஒரு வாசல் வைத்தார்கள். துணியில் மணல் வருவது நின்று, வெல்வெட் வியாபாரம் கொஞ்சம் விழுந்தது. கடைக்காரர் எங்கே போனாலும் அவர் சட்டையின் வலது ஓரம் சற்று வெளியே இழுபட்டபடி இருக்கும். அவரோடு நடப்பவர்கள் இடப்பக்கமாகவே நடப்பார்கள். வலது ஓரம் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோவதால், தையல்காரர் இப்போதெல்லாம் கேட்காமலே அங்கே இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.