மோட்டார் கேட்ட சம்மதம்

அண்ணன் நெடுமாறன் ஆற்றுப் பாலத்திலிருந்து பைக்கோடு விழுந்து செத்துப்போனான். அவன் கைபேசியும் தண்ணீரோடு போயிற்று.

கருமாதி முடியாமல் எங்கள் வீட்டில் யாரும் வயலில் கால் வைக்கக் கூடாது. வேறு ஆளையாவது அனுப்பலாம் என்றேன்.

"அவன் நட்ட வயல்ல அதுக்குள்ள இன்னொருத்தன் இறங்குறதா?" என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றில் ஓடினாலும் எங்கள் கடைமடை வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மண் வெடித்துச் சம்பாப் பயிர் மஞ்சளாகிக் கிடந்தது. பிள்ளையும் போய், அவன் நட்டதும் போக வேண்டுமா?

வீட்டிலிருந்தே வயல் போர் மோட்டாரை ஓட்ட வழி இருந்தது. அதற்கென்றே அண்ணன் தமிழில் ஒரு குட்டி நிரல்மொழி செய்திருந்தான். வயல் காய்ந்தால் அதற்குப் பொறுப்பானவரின் கைபேசிக்குச் செய்தி போகும். அவர் 'சரி' என்று பதில் போட்டால் மோட்டார் ஓடும். இப்போது அது ஆற்றுக்குள் கிடக்கிற கைபேசியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நானும் நிரல் எழுதிப் பிழைப்பவள்தான். அவன் மடிக்கணினியைத் திறந்து, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் விதியில் அப்பாவின் எண்ணை நேராக எழுதினேன். ஏற்கவில்லை. கிளாஸ் என்கிற விவரப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கிற ஃபீல்டுகளை, அதாவது கட்டங்களைத்தான் விதி எடுத்தாளலாம் என்று வைத்திருக்கிறான். திரையில் அவன் எழுதிய பிழைச்செய்தி வந்தது: 'இல்லாததக் கேட்டா நான் எங்க போறது?'

செத்தும் கிண்டலா பாவி என்று திட்டினேன். திட்டும்போதே அழுகை வந்துவிட்டது.

பிறகு 'வயல்' கிளாஸைப் பார்த்தேன். 'பொறுப்பு' என்ற ஃபீல்டில் 'நெடுமாறன்' என்றிருந்தது. எல்லா விதியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டு ஆள்கள் எல்லாரின் பேரையும் எண்ணையும் அவனே நிரலில் சேர்த்துவைத்திருந்தான். அவன் பேரை எடுத்துவிட்டு 'காத்தான்' என்று அப்பா பேரைப் போட்டேன்.

உடனே அப்பாவின் கைபேசி ஒலித்தது. ஒவ்வொருவரையும் தான் கூப்பிடுகிறபடியே செய்தி போகும்படி எழுதியிருக்கிறான். அது எனக்குத் தெரியாது.

'அப்பா, வயல் காயுது. வரவா?'

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரின்னு போடுங்கப்பா, மோட்டார் ஓடும்" என்றேன்.

அவர் ஒற்றை விரலால் மெல்லத் தட்டினார். மோட்டார் ஓடவில்லை என்றே திரை காட்டியது. அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். 'வாப்பா' என்று போட்டிருந்தார்.

திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மடிக்கணினியை எடுத்து, 'சரி'க்குப் பக்கத்தில் 'வாப்பா'வையும் சேர்த்தேன்.

மோட்டார் ஓடியது. அப்பா எழுந்து போய் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார்.