ஒருத்திக்குக் கிடைத்த இடம்

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மாதிரி சொன்னால் என் இரட்டைப் பெண்களைப் பிரித்தவள் ஆவேன். இன்னொரு மாதிரி சொன்னால் ஒருத்தி தட்டில் விழுந்த சோற்றைப் பிடுங்கினவள் ஆவேன். இரண்டு பேரையும் பெற்றவள் நான்தான். யாரிடம் போய் அழுவது?

சோரா மூத்தவள், ஹானுல் இளையவள். சில நிமிட வித்தியாசம்தான். ஆனால் எங்கள் கொரியாக்காரர்களுக்கு அந்தச் சில நிமிடமும் வயதுதான். ஹானுல் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அக்கா என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசிக் கோழிக்கால் தங்கைக்கு, ஜன்னலோரம் தங்கைக்கு. சிட்னிக்கு வந்தால் மட்டும் அதெல்லாம் மாறிவிடுமா என்ன? அந்த வளர்ப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வைக்கும் திறன் தேர்வை இரண்டு பேரும் மே மாதம் எழுதினார்கள். தேறினால் அடுத்த இரண்டு வருடம் வேறொரு அரசுப் பள்ளியில், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி வைத்திருக்கும் வகுப்பில் படிக்கலாம். காசு கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று மேட்டுத்தெருவில் இருக்கும் தனியார் பெண்கள் பள்ளியிலும் விண்ணப்பித்து வைத்தோம். செப்டம்பரில் இரண்டு பதிலும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. தனியார் பள்ளியில் இரண்டு பேருக்கும் இடம். அரசு வகுப்பில் ஹானுலுக்கு மட்டும் இடம்.

"பேர் மாத்திப் போட்டுட்டாங்களோ?" என்றார் என் கணவர் ஜேவுக். டைல்ஸ் ஒட்டுகிற மனிதர். அளவு பிசகினால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஏங்க, கம்ப்யூட்டர்ல எழுதின பரீட்சைங்க. பேரெல்லாம் மாறாது."

"அப்ப ரெண்டையும் தனியார்லயே போட்டுருவோம். நான் ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போறேன்."

"உங்க முட்டி?"

"முட்டிக்கென்ன, ரெண்டு இருக்கில்ல."

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே வந்தார். "கவர்மென்ட்டே கூப்பிட்டு ஓசில குடுக்குது, வேணாம்னா சாமி குத்தம். சின்னவ அங்க போகட்டும். பெரியவ இங்கயே பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்." அன்று இரவே மூன்றாவது யோசனை. சின்னவள் அரசு வகுப்புக்கு, பெரியவள் மட்டும் தனியாருக்கு.

இது எனக்கும் நியாயமாகப் பட்டது, ஹானுல் வாயைத் திறக்கும்வரை. "அப்ப பரீட்சைல தேறாதவளுக்குப் புதுத் தொப்பி, கோட்டு, நீச்சல்குளம். தேறினவளுக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள். அதுவும் சரிதானே? குரங்கு அப்பம் பங்கிட்ட மாதிரி, இந்தப் பக்கம் கடித்தால் அந்தப் பக்கம் எடை கூடியது.

சோராவிடம் யாரும் கேட்கவே இல்லை. நான் உட்பட.

ஈஸ்ட்வுட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என் முடி அலங்காரக் கடை. சனிக்கிழமை யுஜின் அம்மா சாயம் போட வந்தாள். எங்களில் பெண்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். மூத்த பிள்ளையின் பெயரோடு அம்மா சேர்த்தால் முடிந்தது. அவள் எனக்கு மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன். அவள் மகன் யுஜின் போன வருடமே அந்த அரசு வகுப்பில் சேர்ந்துவிட்டான். அதிலிருந்து அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும், சாயம் போடுவதற்குச் சிரமம்.

"என்ன சோரா அம்மா, மூஞ்சி வெந்த முட்டைக்கோஸ் மாதிரி தொங்குது?"

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா, கத்தரிக்கோலைவிட என் வாய் வேகம்.

"சோரா தேறலையா? நம்ம சோராவா?" அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு வீட்டுப்பாடத்துல தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்ததை நானே பாத்திருக்கேன். போன தடவ உங்க வீட்டுக்கு வந்தப்ப, தன் தட்டுல இருந்த கறியத் தூக்கி அவ தட்டுல வச்சா. அடிப்பாவி, உனக்குப் புரியலையா? விட்டுக் குடுத்திருக்கா!"

"என்னக்கா சொல்றீங்க?"

"வேணும்னே தப்பா எழுதியிருப்பா. தங்கச்சி ஜெயிக்கட்டும்னு."

எனக்குச் சுரீர் என்றது. தேர்வன்று நடந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் பிறந்தநாள். எங்களில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது கடற்பாசி சூப். பிறந்தநாளில் அதைக் குடிக்காவிட்டால் பெற்றவளை மதிக்காத மாதிரி. தேர்வு நாளில் குடித்தாலோ, வழுவழுப்பு, அப்படியே வழுக்கி விழுவோம் என்பார்கள். நான் பாட்டுக்கு ஆக்கி வைத்துவிட்டேன். ஹானுல் கிண்ணத்தைத் தள்ளி, "வழுக்கிடும், எனக்கு வேணாம்" என்று அடம் பிடித்தாள். என் முகம் வாடியதைப் பார்த்த சோரா தன்னுடையதையும் குடித்து, அவளுடையதையும் குடித்தாள். அது மட்டுமா? வாசலில் நானே சொல்லி அனுப்பினேன், "நீ அக்கா, தங்கச்சி பயந்துக்குவா, பாத்துக்கோ" என்று. இதையெல்லாம் யுஜின் அம்மாவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"பாத்துக்கிட்டா பாரு!" என்று கைதட்டினாள் யுஜின் அம்மா. "இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"

என் மகள் தோற்கவில்லை. விட்டுக்கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் சோராவுக்குத் தலை துவட்டும்போது கேட்டேன். "தங்கம், அம்மாகிட்ட உண்மையச் சொல்லு. பரீட்சைல தங்கச்சிக்காக விட்டுக் குடுத்துட்டியா?"

அவள் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ம்," என்றாள்.

துண்டோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று தெரியாமல் அழுகை வேறு.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் யுஜின் அம்மா தன் வேலையைச் செய்து முடித்திருந்தாள். நானும் சும்மா இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சூப் கதையைச் சொன்னேன். மூப்பரின் மனைவி சோராவின் கன்னத்தைத் தடவி, "அக்கான்னா இப்படி இருக்கணும்" என்று அரிசிக் கேக்கை அவள் கையில் திணித்தாள். சோரா அதை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து நன்றி சொன்னாள். ஆனால் சாப்பிடவில்லை. ஹானுல் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே முள்ளங்கித் துண்டை நெடுநேரம் மென்றுகொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை எனக்கு.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மதில்மேல் பூனையாக இருந்தேன். புதன்கிழமை முடிவுக்கு வந்தேன். இவ்வளவு பெரிய மனசுள்ளவளைத் தனியே விட்டுவிட்டு சின்னவளை மட்டும் அனுப்பினால் எனக்கு நரகம்தான். இரண்டு பேரும் தனியாருக்கே போகட்டும். அரசு வகுப்பு வேண்டாம். ஜேவுக்கின் முட்டியைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

மேசை நடுவே அடுப்பை வைத்துப் பன்றிக்கறி சுட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னேன். "அக்கா உனக்காக எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கா. நீயும் அவளுக்காக ஒண்ணு விட்டுக் குடு. ரெண்டு பேரும் ஒண்ணாப் போங்க."

ஹானுல் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் தேறலையா?"

"யாருடி அப்படிச் சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. சர்ச்சுல சொன்னாங்க, நீ சொன்ன, யுஜின்கூட பஸ்ல சொன்னான். அக்கா போட்ட பிச்சையாம்." அவள் உதடு கோணிக்கொண்டது. "நான் எவ்வளவு படிச்சேன்! எல்லாம் நானே யோசிச்சுத்தான் எழுதினேன். போ, எனக்கு எந்த ஸ்கூலும் வேணாம். அக்காவுக்கே குடு."

"கறி கருகுது," என்றார் ஜேவுக். அவருக்குப் பேச்சு வராதபோது இப்படித்தான்.

"இங்க பாரு ஹானுல், அக்காவோட மனச..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நான் விட்டுக் குடுக்கல!"

சோரா. என் வீட்டில் இந்தக் குரல் இதுவரை கேட்டதில்லை. எழுந்தே நின்றுவிட்டாள்.

"நான் ஒண்ணும் விட்டுக் குடுக்கல. எனக்குத் தெரியல. கணக்குல பாதி தெரியல, நேரமும் பத்தல. கடைசி நிமிஷம் வரைக்கும் போட்டுப் போட்டுப் பாத்தேன். ஹானுல் பக்கம் நான் திரும்பக்கூட இல்ல. அவ என்னைவிடக் கெட்டிக்காரி. அவ்ளோதான்!"

"பின்ன ஏண்டி அன்னைக்கு ஆமான்ன?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீ அவ்ளோ சந்தோஷமா கேட்டியே." இப்போது அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "இல்லன்னு சொன்னா உன் மூஞ்சி மறுபடியும் பழைய மாதிரி ஆயிடுமே. எனக்குத் தெரியலன்னா உனக்கு அசிங்கமா இருக்கு. தெரிஞ்சே விட்டேன்னா பெருமையா இருக்கு."

அடுப்பை யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை. என் முகம் எரிந்தது. தங்கைக்கு விட்டுக்கொடு என்று நான் பழக்கின பெண், கடைசியில் எனக்கே விட்டுக்கொடுத்திருக்கிறாள். அதைக்கூட வாங்கி ஊரெல்லாம் பந்தி வைத்திருக்கிறேன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஹானுல் அக்காவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "நெசமாவே தெரியலையா?"

"நெசமாத்தான். அந்த ரயில் கணக்கு உனக்கு வந்துச்சா?"

"அது ஈஸிக்கா."

"பாத்தியா?" என்று சோரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் குழம்பிப்போனது.

முதல்தடவையாக அவளிடம் கேட்டேன். "உனக்கு என்ன வேணும், சோரா? தனியாருக்குப் போறியா? ரெண்டு பேரும் சேந்தே போகலாம். அப்பா சரின்னுட்டாரு."

"இப்ப இருக்கற ஸ்கூலே போதும்."

"தனியாவா? ஹானுல் இல்லாமலா?"

அவள் தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "காலைல ஒம்பதுல இருந்து மூணு மணி வரைக்கும் நான் யாருக்கும் அக்காவா இருக்க வேணாம்மா."

ஹானுலின் முகம் சுருங்கியது. "என்னைப் பிடிக்கலையா உனக்கு?"

"பிடிக்கும்டி, லூசு. மூணு மணிக்கு அப்புறம்."

ஜேவுக் சிரித்துவிட்டார். நான் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தேன். இவர்களைப் பிரிக்கக் கூடாது என்று ஒரு வாரமாக நான் பட்ட பாட்டை, இந்தக் குட்டி ஒரே பேச்சில் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டாள். பத்து வயதுப் பிள்ளை சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பதா? கேட்காமல் எடுத்த முடிவின் லட்சணத்தைத்தான் பார்த்தாயிற்றே. நாளைக்கு, என்னை ஏன் நல்ல பள்ளிக்கு அனுப்பவில்லை என்று அவளே கேட்டால்? மனசு கஞ்சி மாதிரி குழைந்து கிடந்தது. வியாழக்கிழமை முழுக்க அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை கடையில் யுஜின் அம்மா மறுபடியும் நாற்காலியில் இருந்தாள். போன வாரம் போட்ட சாயத்தில் காதோரம் நரை விட்டுப்போயிற்றாம். பள்ளி விட்டு வந்த சோரா மூலையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஹானுல் வயலின் வகுப்புக்குப் போயிருந்தாள். அவளுக்கு அரசு வகுப்பு சம்மதம் என்று காலையிலேயே பதில் போட்டாயிற்று. தனியார் பள்ளிக்குத்தான் பாக்கி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கூப்பிட்டேன்.

"ரெண்டு பேருக்குமே வேண்டாமா?" என்றாள் அலுவலகப் பெண், மிக மரியாதையாக. "காரணம் ஏதாவது சொல்ல முடியுங்களா?"

"தெரியலைங்க," என்றேன். வேறு என்ன சொல்வது? அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

யுஜின் அம்மா சும்மா இருப்பாளா? "என்ன சோரா அம்மா, இவ்வளவு தியாகம் பண்ணின பொண்ண..."

"தியாகமெல்லாம் இல்லக்கா." கடையில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். சோரா விட்டுக் குடுக்கல. பரீட்சை எழுதினா, தேறல."

யுஜின் அம்மா உச்சுக்கொட்டினாள். "ச்சு... பாவம் குழந்த."

"பாவம்லாம் இல்ல பெரியம்மா," என்றாள் சோரா மூலையிலிருந்து, வாயில் ரொட்டியோடு. "கணக்கு வரல. அவ்ளோதான்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவே இல்லை. நான்தான் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், யுஜின் அம்மாவின் காதெல்லாம் சாயம்.