உள்பக்கத்துத் தகடு

கோட்டையின் ஆற்றோர மண்மதில் இந்த வருடமும் சரிந்திருந்தது. டான்யூப் ஆற்றில் பனி உடைந்து ஓடும்போது வீட்டுக் கூரை அளவுப் பாளங்கள் வந்து மோதும். மதில் வாயைப் பிளந்துவிடும். பிறகு பட்டாளத்தான்கள் ஈரப்புல்லை மண்ணோடு சேர்த்து முழ நீளத்துக்கு வெட்டி, முதுகில் ஏற்றி, கைகளைப் பின்னால் கோத்துத் தாங்கிக்கொண்டு மேடேறி அடுக்குவார்கள். தீசலா இதை இருபத்தாறாவது வருடமாகச் செய்துகொண்டிருந்தான். இருபத்தைந்தோடு விட்டிருக்க வேண்டியவன். விடுதலைத் தகடு ரோமிலிருந்து வந்து சேராததால் போனஸாக ஒரு வருடம்.

"டேய், இடுப்பைப் பாத்துடா. ரோமன் ஆகப்போற இடுப்பு," என்றான் முகாத்ரா. ஒரே நாளில் சேர்ந்து, ஒரே அறையில் எட்டுப் பேரில் இரண்டு பேராக இருபத்தாறு வருடம் படுத்து எழுந்தவன்.

"ஏன், ரோமனுக்கு இடுப்பு வலிக்காதா?"

"வலிக்கும். ஆனா லத்தீன்ல வலிக்கும்."

தீசலா சிரித்ததில் முதுகிலிருந்த மண் பாதி சரிந்து கழுத்துக்குள் போனது. அப்போதுதான் படகுத்துறையில் கொம்பு ஊதியது. பனிக்குப் பிறகு வரும் முதல் படகு. இருவரும் மண்ணைப் போட்டது போட்டபடி இறங்கி ஓடினார்கள். மேற்பார்த்த நூற்றுவர் தலைவன் திராட்சைக்கொடிப் பிரம்பை ஓங்கினான், பிறகு யாரென்று பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான்.

தகடுகள் வந்திருந்தன.

தீசலாவுக்கு ஒரே மகன், வாலென்ஸ். மூன்று பிறந்து தங்கியது ஒன்று. பத்தொன்பது வயது, படகுகளுக்குக் கீல் பூசும் வேலை. பட்டாளத்தானுக்குச் சட்டப்படி மனைவி கிடையாது, பிள்ளையும் கிடையாது. கோட்டை வாசலுக்கு வெளியே தெரு நிறைய இப்படி இல்லாத மனைவிகளும் இல்லாத பிள்ளைகளும் குடியிருந்தார்கள். விடுதலைத் தகடு வரும் நாளில்தான் எல்லாம் நேராகும். சேவை முடித்தவன் ரோமன் குடிமகன், அவன் பிள்ளைகளும் ரோமன்; பிள்ளைகளின் பெயர் தகட்டிலேயே பொறித்து வரும். மூன்று வருடம் முன்பு விடுதலையான தார்சாவின் தகட்டில் அவன் மகள் மார்சியாவின் பெயர் இருந்தது. அந்த மார்சியாவை வாலென்ஸுக்குக் கொடுப்பதாகத் தார்சா கையடித்துச் சொல்லியிருந்தான். உன் தகடு வரட்டும், அடுத்த நாளே கல்யாணம் என்று.

கொடிகள் வைத்திருக்கும் பூசையறைக்குப் பக்கத்தில் எழுத்தர் செரேனுஸின் அறை. அன்று விடுதலையாகும் நான்கு பேரும் கழுத்து மண்ணோடு நின்றார்கள். உள்ளங்கை அகலத்தில் இரண்டு வெண்கலத் தகடுகள், முகத்தோடு முகம் வைத்து, முறுக்கிய கம்பியால் கட்டி, கம்பியின்மேல் ஏழு சாட்சிகளின் முத்திரை. உள்ளே எழுதியிருப்பதுதான் அசல். அதே வாசகம் படிப்பதற்காக வெளியிலும் இருக்கும்.

செரேனுஸ் தீசலாவின் தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தான். சக்கரவர்த்தியின் பட்டங்கள் முடியவே நெடுநேரம் ஆனது. படைப்பிரிவின் பெயர், தளபதியின் பெயர், பிறகு "தீசலா, திரேஸ் நாட்டான்" என்று வந்தது. தீசலா தன் பெயரைக் கேட்டதும் சிலிர்த்துப்போய் அடுத்த பெயருக்குக் காத்திருந்தான்.

செரேனுஸ் தகட்டைக் கீழே வைத்தான்.

"அப்புறம்?" என்றான் தீசலா.

"அவ்வளவுதாண்ணே."

"எம்பையன் பேரு?"

"இல்ல."

"இல்லன்னா? போன வருசம் உங்கிட்டதானய்யா சொன்னேன்? வாலென்ஸ்னு நீயே எழுதினியே?"

"எழுதினேன். அனுப்பினேன். வரல." செரேனுஸ் மற்ற மூன்று தகடுகளையும் எடுத்து அவசரமாகப் பார்த்தான். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "யாரு பிள்ளை பேரும் வரலண்ணே. பிள்ளைகளுக்கும்னு ஒரு வரி இருக்கும், அதே இல்ல. ஏதோ மாத்திட்டாங்க போல."

"மாத்திட்டாங்களா? யாரைக் கேட்டு மாத்தினாங்க?"

செரேனுஸ் தகட்டை அவன் கையில் வைத்து மெதுவாகச் சொன்னான். "கம்பியை மட்டும் தொட்டுடாதீங்க. அறுந்தா இது வெறும் வெண்கலம். திறக்கறதுன்னா ஆளுநர் முன்னாடிதான் திறக்கணும்."

ஆளுநர் இருக்கும் ஊருக்குப் பன்னிரண்டு நாள் நடை.

வெளியே வந்ததும் முகாத்ரா தகட்டை வாங்கிப் புரட்டினான். அவனுக்குப் பெண்டாட்டியும் இல்லை பிள்ளையும் இல்லை, தகட்டில் எது இருந்தாலும் லாபம்தான். படிக்கத் தெரியாதவன் என்றாலும் கண் கூர்மை.

"இங்க பாருடா. கடைசி வரி ஓரத்தை முட்டிக்கிட்டு நிக்குது. ஒரு எறும்புகூட உக்கார முடியாது. எழுத்து வெட்டினவனுக்கு இடம் பத்தல. பேரை விட்டுட்டான். உள்ள முழுசா இருக்கும்."

"இருக்குமாடா?"

"உள்ளதானே அசல்? அசல்ல எவன் கை வைப்பான்?"

அதன் பிறகுதான் தீசலா வீட்டுப் பக்கம் நடந்தான்.

அவன் பெண்டாட்டி சியாயிஸ் வாசலில் மீன் புகைபோட்டுக்கொண்டிருந்தாள். வீட்டின் முன்பாதி கடை, பின்பாதி குடித்தனம். இந்தத் தெருவில் இருபத்திரண்டு வருடமாக அவள் கையில் புகைவாசம் போனதில்லை. கணவன் முகத்தைப் பார்த்ததுமே சட்டியை விட்டு எழுந்துவிட்டாள். அவன் சொன்னதைக் கேட்டு, "பேரு இல்லையா? நம்ம பையன் பேரா?" என்று மூன்று தரம் கேட்டாள். ஒவ்வொரு தரமும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

செய்தி அதற்குள் தெருவைச் சுற்றிவிட்டது. தார்சா தன் தகட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். படகுத்துறையிலிருந்து வாலென்ஸும் வந்துவிட்டான், முழங்கைவரை கீல் அப்பிய கையோடு. செரேனுஸிடம் புகைமீன் கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டவன் அவன். இரண்டு தகடுகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொடாமல் குனிந்து படித்தான்.

"மாமா தகட்டுல கடைசி வரி மார்சியா பேரு. அதுக்கு முன்னாடி, அவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும்னு இருக்கு. நம்மளதுல வெறும் அவர்களுக்குன்னு இருக்கு."

"இடம் இல்லடா. இடம் இல்லாம விட்டிருக்கான்," என்றான் தீசலா.

"இருக்கலாம்பா."

"இருக்கலாம் என்ன இருக்கலாம்? உள்ள இருக்கு!"

தார்சா தாடையைச் சொறிந்தான். "இதப் பாரு தீசலா, நான் ஒளிக்காம சொல்லிடறேன். எம்பொண்ணு ரோமன். உம்பையன் ரோமன் இல்லன்னா, அவளுக்குப் பொறக்கற எதுவும் ரோமன் இல்ல. அவளோட போச்சு. இருபத்தஞ்சு வருசம் முதுகுல மண்ணு சுமந்தது அதுக்கா? நாளைக்குத் துணி வியாபாரி ஒருத்தன் பேச வரேங்கறான். நான் அவனுக்கு என்ன சொல்ல?"

"நாளைக்கேவா?"

"ஒரு வருசமா தள்ளிக்கிட்டு இருக்கேன்டா, உனக்காக."

பன்னிரண்டு நாள் போக, பன்னிரண்டு நாள் வர. துணி வியாபாரி நாளைக்கு. தீசலாவுக்குக் காதுக்குள் ஆற்றுப்பனி உடைகிற மாதிரி இரைந்தது. புல்வெட்டும் கத்தி இடுப்பிலேயே இருந்தது. செரேனுஸ் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே பெயர் இருக்கிறது, அதைத் தார்சா கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கை முந்திக்கொண்டது.

"ஏய்யா, ஏய்யா!" என்று சியாயிஸ் கத்தினாள். கம்பி அறுந்து முத்திரைகளில் மூன்று தரையில் சிதறின.

"அடப்பாவி!" தார்சா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "என்னடா காரியம் பண்ணிட்டே!"

"படிடா," என்றான் தீசலா. தகட்டைப் புத்தகம்போல விரித்து மகனிடம் நீட்டினான். உள்பக்கம் மழை காணாத வெண்கலம், புதுப் பொன்னாக மின்னியது. எழுத்துகள் வெளியே இருந்ததைவிடப் பெரியவை. கீழே விரல் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

வாலென்ஸ் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"படிடான்னா!"

"அவர்களுக்குக் குடியுரிமையும்," என்று மகன் படித்தான். குரல் சீராகத்தான் இருந்தது. "இப்போது உள்ள மனைவியோடு, அல்லது இனிமேல் மணக்கும் மனைவியோடு, ஒருவனுக்கு ஒருத்தி என்ற கணக்கில், மண உரிமையும் வழங்கினார். தீசலா, திரேஸ் நாட்டான். அவ்வளவுதாம்பா."

சட்டியில் மீன் கருகும் வாசனை வந்தது.

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்றாள் சியாயிஸ். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

தார்சாதான் சொன்னான். "இன்னைக்கிலேர்ந்து நீ இவனுக்குச் சட்டப்படி பெண்டாட்டி. இனிமே உனக்குப் பிள்ளை பொறந்தா, அது ரோமன்."

சியாயிஸுக்கு நாற்பத்து நான்கு வயது. முடி பாதி நரைத்து, மேல்பல் இரண்டு போய்விட்டிருந்தது. அவள் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பைத் தீசலா அவளிடம் கேட்டதே இல்லை.

"இனிமே பொறக்கறதுக்கு! பத்தொம்பது வருசமா வளந்து நிக்கறவனுக்கு இல்ல, இனிமே பொறக்கறதுக்கு! இல்லன்னா ஒரு சின்னப் பொண்ணா பாத்துக்கலாம்னும் எழுதி அனுப்பியிருக்கான், பாத்தியா? மணக்கும் மனைவியோடன்னு! போய்யா. போய் ஒருத்தியக் கூட்டிட்டு வா."

"சியா..."

"எம்பிள்ளை இவங்களுக்கு என்னய்யா செஞ்சான்?"

தார்சா தன் தகட்டை மறுபடி துணியில் சுற்றினான். முடிச்சை இரண்டு தரம் போட்டான். வாசலில் நின்று, "உம்மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்லடா," என்றான். பிறகு போய்விட்டான். அவன் பார்வை கடைசிவரை வாலென்ஸின் பக்கம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் தீசலா எழுத்தரைப் பார்க்கக் கிளம்பினான். வேறு தகடு எழுதி வாங்க வழி உண்டா என்று கேட்க வேண்டும், காலில் விழ வேண்டுமென்றால் விழவும் தயார். வாலென்ஸின் படுக்கை காலியாக இருந்தது. துறைக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

பூசையறை முற்றத்தில் புதிதாகச் சேர வந்தவர்களை அளந்துகொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர், இடுப்புத் துணியோடு குளிரில் நடுங்கியபடி வரிசையில் நின்றார்கள். மூன்றாவதாக நின்றவனின் முழங்கையில் கீல் கறை இருந்தது.

"டேய்," என்றான் தீசலா.

வாலென்ஸ் திரும்பிப் பார்த்தான். "சொன்னா விட மாட்டீங்கன்னுதான் சொல்லல."

"உனக்குப் பைத்தியமாடா? இருபத்தஞ்சு வருசம்!"

"முடிக்கறப்போ எனக்கு நாப்பத்தி நாலு. ரோமனா வெளிய வருவேன். இதைவிட்டா வேற வழி இருக்கா? இருந்தா சொல்லுங்க, இப்பவே வந்துடறேன்."

தீசலா யோசித்துப் பார்த்தான். முற்றத்தில் நின்று, அவ்வளவு பேர் பார்க்க, உண்மையாகவே யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை.

"அடுத்து!" என்றான் செரேனுஸ். வாலென்ஸ் மேசைக்கு முன்னால் போனான். செரேனுஸ் தலை தூக்கி, ஒரு நொடி எழுதுகோலைப் பிடித்தபடியே இருந்துவிட்டு, பிறகு குனிந்துகொண்டான்.

"பேரு வாலென்ஸ். ஊரு?"

"இங்கதான்."

"பாசறைப் பிறப்பு," என்று சொல்லிக்கொண்டே எழுதினான். "சேர்றவன் எவனுக்கும் அடிமை இல்லன்னு ரெண்டு பேர் சாட்சி வேணும். ஒண்ணு முகாத்ரா, காலையிலேயே முத்திரை வச்சுட்டாரு. இன்னொண்ணு யாரு?"

"யாரும் வரல," என்றான் வாலென்ஸ்.

"சாட்சி இல்லன்னா அடிமைன்னு சந்தேகப்பட்டு உள்ள வைப்பாங்கடா. ஓடி வந்தவன்னு சொல்லி யாராவது கேட்டு வந்தா என்ன பண்ணுவே?" செரேனுஸ் தயங்கித் தீசலாவைப் பார்த்தான். "அண்ணே, நீங்க வைங்க."

"நான் அவன் அப்பன்யா."

"உறவுக்காரங்க வைக்கக் கூடாதுதான். ஆனா கம்பி அறுந்தாலும் ரோம்ல உள்ள பதிவுப்படி நீங்க ரோமன், இவன் இல்ல. சட்டத்துல உங்களுக்கும் இவனுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. நீங்க வைக்கலாம்."

வரிசையில் நின்ற ஒருவன் தும்மினான்.

"வச்சுடுங்கப்பா," என்றான் வாலென்ஸ்.

"அப்பான்னு சொல்லாதே," என்றான் செரேனுஸ் தணிந்த குரலில். "பதிவேட்டைச் சரிபார்க்கத் தளபதி வந்துட்டிருக்காரு. சாட்சி கெட்டுடும்."

மெழுகு ஏற்கெனவே சொட்டி வைத்திருந்தது, ஆறிக்கொண்டிருந்தது. தளபதி முற்றத்துக்குள் வந்து தீசலாவின் பக்கத்தில் நின்றார். "இந்த ஆளை உனக்கு எப்படித் தெரியும்?" என்று, எல்லாச் சாட்சிகளிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"பாத்திருக்கேன் ஐயா," என்றான் தீசலா. "தெருவுல பாத்திருக்கேன்."

முத்திரை மோதிரத்தை மெழுகில் அழுத்தினான். வாலென்ஸ் நகர்ந்து உயரம் அளக்கும் கம்பத்தின் கீழே போய், குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றான்.