பால்கனியில் வைத்த பெட்டி

...நாலு டிகிரி, கூடக்குறைய இருக்கலாம், உறைய மட்டும் விடக்கூடாது, இதை ஆய்வகத்துக்கு வந்த எத்தனை புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள் ஹெல்கா, இப்போது கண் வில்லைகள் இருக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ்ஸில் போகிறாள், பால்கனி வெப்பமானி காலையில் மைனஸ் ஒன்பது காட்டியது. ஏப்ரல் மாதத்தில் மைனஸ் ஒன்பது. ஒரு வாரமாகப் பனி உருகித் தெருவெல்லாம் சேறு, குளிர் போய்விட்டது என்று நம்பினால் அது திரும்பி வந்து கழுத்தை அறுக்கிறது... எல்லோரும்தான் வைக்கிறார்கள், வெண்ணெய், பீர், பிறந்தநாள் கேக், பின்லாந்தின் இந்தத் தம்பெரே ஊரில் பால்கனியை ஃபிரிட்ஜாக்காத வீடு உண்டா? ஆய்வகத்தில் சனி, ஞாயிறு மின்சாரம் இல்லை, வில்லைகளை நான் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷியாக முன்வந்தது யார்? அவள்தான். வீட்டு ஃபிரிட்ஜில் இடமில்லாமல் செய்ததும் அவள்தான், தம்பி பார்வை கிடைத்து வீடு திரும்பும் நாளுக்கென்று ஒரு பெரிய சட்டி நிறைய இறைச்சி சமைத்து நடுத்தட்டு முழுக்க அடைத்து வைத்தாள், பெட்டி பால்கனிக்குப் போனது.

தம்பி தானெலிக்கு ஒரு கண் பிறவியிலேயே மங்கல். நல்ல கண்ணில் போன இலையுதிர் காலத்தில், அடுப்புச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது, சுண்ணாம்பு தெறித்தது. கருவிழி மேலுள்ள கண்ணாடிப் படலம் காகிதமாய் மெலிந்துவிட்டது, இரண்டு வாரம்கூடத் தாங்காது என்றார் டாக்டர் ஓனெர்வா. அதற்கு ஒட்டுப்போடத்தான் இந்த மூன்று வில்லைகள், இந்த ஊர்க் காடெல்லாம் நிற்கும் பூர்ச்ச மரத்தின் கூழைக் கண்ணுக்குத் தெரியாத இழைகளாக அரைத்து, ஜெல்லியில் கலந்து அவள் கையாலேயே வார்த்தவை, இழை இல்லாவிட்டால் தையல் போடும்போதே கிழிந்துவிடும். முப்பது வருஷம் காட்டில் மரம் வெட்டிய தம்பி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான், வெட்டினதுக்குப் பழிவாங்க என் கண்ணுலயே வந்து உக்காருதா அக்கா என்று... பெட்டியைத் திறந்து உறைகளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றில் வெள்ளைப் புகை படிந்ததுபோல் மெல்லிய மங்கல். மற்ற இரண்டும் தெளிவு. தெளிவாக இருந்தால் நல்லதா? பனிக்கட்டி ஊசிகள் உள்ளே இழைகளைத் தள்ளி ஒதுக்கியிருக்கும், உருகிய பிறகு வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு வாரத்தில் தையல் பிய்ந்துகொள்ளும். பால்கனி விஷயம் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. ஒருவேளை தாங்கினால்? தாங்காது, அது அவளுக்குத் தெரியும், அதுதான் பெரிய கொடுமை. புதிதாக வார்க்க ஐந்து வாரம் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் ஓனெர்வாவிடம் சொல்லிவிட்டாள். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இனி அந்தக் கண்ணைக் காப்பாற்ற வழியில்லை, இமையை மூடித் தைத்துவிடுவதுதான் என்றார், தம்பியிடம் நீங்களே சொல்கிறீர்களா என்று கேட்டார். சொன்னாள். தானெலி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், முகம் அவள் குரல் வந்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளியே இருந்தது.

"எங்க வெச்சே?"

"பால்கனியில."

"நானா இருந்தாலும் அங்கதான் வெச்சிருப்பேன்," என்றான். கையை நீட்டித் தடவி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். ஃபிரிட்ஜில் என்ன இருந்தது என்று கேட்டுவிடுவானோ என்று அவள் பயந்தாள். அவன் கேட்டது வேறு.

"ஏன்க்கா, நேத்து குளிர் ஏறினது உனக்குத் தெரியவே இல்லையா?" குரலில் குற்றம் எதுவும் இல்லை, சும்மா கேட்டான்.

"தெரியலடா."

தெரியவில்லைதான், தெரிந்திருந்தால் எடுத்து உள்ளே வைத்திருக்க மாட்டாளா... நேற்றுச் சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், பால்கனிக் கதவின் அடியிலிருந்து காற்று வந்தது, பாதம் சில்லிட்டது, எழுந்து போனாள், கதவு வரைக்கும் போனாள், பக்கத்துக் கூடையிலிருந்து கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குனிந்து பார்த்தாள். காலில் இன்னும் அதுதான் இருந்தது.