தொப்பிக்காரர் சொன்னால் சரி

சனிக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் 'வாசல் பச்சை' தொடங்குகிற நேரத்தில் கண்ணாடிக் கடைக்காரரிடம் யாரும் கண்ணைக் காட்டப் போகக் கூடாது. போனால் வலது கண்ணின் பவர் இடது கண்ணுக்கு வந்து உட்காரும். மனம் அவ்வளவு தூரம் மாடியில் இருக்கும். கடைக்கு மேலேயே வீடு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படியேறிவிடுவார்.

ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரியவைத்தவர், தன் மூக்கில் மட்டும் கண்ணாடி ஏறவிட மாட்டார். தனக்குப் பிறவியிலேயே கழுகுக் கண் என்று ஒரு நினைப்பு. அந்தக் கழுகு பக்கத்து வீட்டுக்காரரை அவருடைய தம்பி என்று நினைத்து நலம் விசாரித்த நாளில், கடைக்காரரின் மனைவி வற்புறுத்தி ஒரு கண்ணாடி செய்யவைத்தாள். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தெரு முழுக்க அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அந்தக் கண்ணாடி அன்றிலிருந்து உறை பிரிக்காமல் டிவி மேசை இழுப்பறையில், செத்துப்போன ரிமோட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

'வாசல் பச்சை' ஆரம்பித்த வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அதைத் தொடக்கத்திலிருந்து நடத்தியவர் ஒரு பெரியவர். ஓலைத் தொப்பி, முழங்கை வரை மண். பேச்சு குறைவு. தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "இந்த வாரம் இதை வெட்டுங்க," என்பார்; வெட்டிக் காட்டுவார்; அவ்வளவுதான். தெருவில் எல்லாருக்கும் அவர் தொப்பிக்காரர். கண்ணாடிக் கடைக்காரருக்குக் குலதெய்வம். அவர் வெட்டு என்றால் வெட்டுவார், நடு என்றால் நடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தொப்பிக்காரர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி வாயைத் திறந்தால் சிரிப்பு. இன்னொருவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாடுகிறவன். அன்றிலிருந்து தெரு இரண்டாகிப் போனது. மருந்துக் கடைக்காரர், "அந்தப் பொண்ணு வந்த பிறகுதான் என் வீட்டு ரோஜா பூக்குது," என்றார். தையல்காரம்மா, "அந்தப் பையன் பாட்டுக்காகவே டிவிய வைக்கிறேன். செடி யாருக்கு வேணும்," என்றாள். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும், வருகிற வாடிக்கையாளரின் தாடையைக் கருவியில் பொருத்தி, அசைய முடியாமல் வைத்துக்கொண்டு, தன் கருத்தைச் சொல்வார்.

"அந்தப் பொண்ணு கைய நீங்க பாத்திருக்கீங்களா சார்? நகத்துல ஒரு பொட்டு மண்ணு கிடையாது. ஆட்டாதீங்க தலைய. மண்ணு படாத கைக்குத் தோட்டத்துல என்ன வேலை?"

நிகழ்ச்சியின் கடைசியில் நேயர்கள் போன் செய்து பேசலாம். மூன்று வருஷமாக, வாரம் தவறாமல், கண்ணாடிக் கடைக்காரரும் அந்த எண்ணைச் சுழற்றினார். ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தால் சிரிப்புக்காரி அன்றோடு சிரிப்பை நிறுத்தியிருப்பாள் என்பது அவர் நம்பிக்கை.

இந்த வீட்டில் இன்னொரு கட்சியும் உண்டு. கீழே பின்பக்கத்து அறையில் குடியிருக்கும் அவருடைய அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சிரிப்புக்காரியின் ஆள். அக்காவிடம் ஒரு எலுமிச்சைச் செடி இருந்தது. விதை போட்டு முளைக்கவைத்தது. வருஷக்கணக்கில் முள்ளைத் தவிர எதையும் ஈனாதது.

"உன் செடிக்குப் பூக்கத் தெரியாதுக்கா, குத்தத்தான் தெரியும். உன்ன மாதிரியே," என்பார் தம்பி.

"நீ பூத்துக் குலுங்கறதுதான் தெரியுதே," என்பாள் அக்கா.

போன மாதம் சிரிப்புக்காரி ஒரு வழி சொன்னாள்: எலுமிச்சையை நல்ல வெயிலில் வைத்து, இலை வாடுகிற வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு ஊற்றுங்கள். அக்கா அப்படியே செய்தாள். "கொலகாரி," என்றார் தம்பி. இரண்டாவது வாரம் கிளை நுனியெல்லாம் ஊதா படிந்த வெள்ளை மொட்டு. அக்கா பக்கத்து வீட்டு ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். நாற்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்தவளுக்கு இதில் என்ன அதிசயமோ, கண் கலங்கிவிட்டாள்.

அதே நேரத்தில் வெளியூரில் இருந்த அவள் மகளுக்கு நிஜப் பிரசவம் நெருங்கிவிட்டது. போகாமல் முடியாது. சாவியைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"தண்ணி ஊத்து. வேற ஒண்ணும் பண்ணாத. தொடாத. உன் தொப்பிக்காரர் கனவுல வந்து சொன்னாலும் தொடாத. நான் பேரப்பிள்ளையோட வரும்போது அதுல ஒரு காயாவது இருக்கணும்."

"எனக்குத் தெரியும்க்கா."

"உனக்குத் தெரியும்கிறதுதான் எனக்குப் பயம்."

அக்கா போன இரண்டாம் நாள், சனிக்கிழமை, அது நடந்தது. டிவியைப் போட்டால் சிரிப்பும் இல்லை, பாட்டும் இல்லை. ஓலைத் தொப்பி. குந்தி உட்கார்ந்த அதே உருவம்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா, பாத்தியா. கூட்டிட்டு வந்துட்டாங்க. நம்ம குரலுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

"உங்க குரலுக்குத்தான் லைனே கிடைக்கலையே," என்றாள் டீச்சர், விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் மட்டுமா? எத்தனையோ பேர் சொல்லியிருப்பாங்க."

டீச்சர் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். வெளியே தார் உருகுகிற வெயில். "இந்த வெயில்ல இவர் ஏன் ஸ்வெட்டர் போட்டிருக்காரு?"

"வயசானவங்களுக்கு உடம்பு குளிரும். உனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி."

"மூலையில என்னமோ பொடி எழுத்துல போடறான் பாருங்க."

"விளம்பரமா இருக்கும். சும்மா இரு, பேசறாரு."

தொப்பிக்காரர் ஒரு எலுமிச்சைத் தொட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "இந்த வாரம் இதை நல்லா வெட்டுங்க. பயப்படாதீங்க. ரெண்டு கிளை இருந்தாப் போதும்," என்றார். வெட்டிக் காட்டினார்.

இதைத் தெய்வ வாக்கு என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க எந்த பக்தனால் முடியும்? நிகழ்ச்சி முடிவதற்குள் கடைக்காரர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. டீச்சர் மட்டும், "அண்ணி தொடாதன்னு சொன்னாங்க," என்றாள்.

"அக்காவுக்கு என்ன தெரியும்? மொட்டு வந்துட்டாப் போதுமா? காய் தாங்க வேணாமா? வந்து பாத்துட்டு அவளே என் கையக் கண்ணுல ஒத்திக்குவா."

மறுநாள் தெருவெல்லாம் அவர் வாய்தான். தொப்பிக்காரரை வாகனம் அனுப்பித் தானே கூட்டிவந்ததுபோல் பேசினார். மருந்துக் கடைக்காரர், "அவரு மறுபடி வந்ததா அறிவிப்பே வரலையே," என்று இழுத்ததற்கு, "வந்தவருக்கு எதுக்கு அறிவிப்பு?" என்று வாயை அடைத்தார். எலுமிச்சை தொட்டியில் இரண்டு குச்சியாக, கொடி இல்லாத கொடிக்கம்பம் மாதிரி நின்றது. நுனியில் ஒரு துளிர் வரும் என்று காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். வந்ததாக அவருக்குத் தெரிந்தது. டீச்சர் வந்து பார்த்து, "அது எறும்பு," என்றாள்.

அக்கா தினமும் போன் செய்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை பால் குடித்தது, தும்மியது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "அது எப்படிடா இருக்கு?" என்பாள்.

"அப்படியே இருக்குக்கா."

"மொட்டு விரிஞ்சுதா?"

"இப்ப... பாத்துச் சொல்றேன். கடைல ஆளு நிக்குது."

போனை டீச்சரிடம் கொடுக்கப் பார்ப்பார். டீச்சர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வாள். "நான் பொய் சொல்லமாட்டேன். கேட்டா உள்ளதச் சொல்லிடுவேன். யோசிச்சுக் குடுங்க."

நாலு நாளாகியும் துளிர் வரவில்லை. நர்சரிக்காரரை அழைத்துவந்து காட்டினார். அவர் குச்சியை ஒரு தட்டுத் தட்டி, "பூக்கற நேரத்துல இப்படியா வெட்டுவாங்க? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க சார். மொட்டோடயே தர்றேன்," என்றார். புதுசு வாங்கி அதே தொட்டியில் வைத்துவிடலாம் என்ற எண்ணம் கடைக்காரருக்கு ஓடாமல் இல்லை. டீச்சர்தான், "அண்ணிக்கு அந்தச் செடியில எந்த முள்ளு எங்க இருக்குன்னு தெரியும். நீங்க கண்ணாடி போடாதவரு. அவங்க அப்படி இல்ல," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை டிவியைப் போட்டபோது சிரிப்பு கேட்டது.

"வணக்கம் நேயர்களே. நாங்க ரெண்டு பேரும் லீவ் முடிஞ்சு வந்துட்டோம். நாங்க இல்லாதப்ப நம்ம ஐயாவோட பழைய நிகழ்ச்சி ஒண்ண மறுபடி போட்டாங்க, பாத்திருப்பீங்க. ஒரு விஷயம் மட்டும். எலுமிச்சையை வெட்டச் சொன்னது குளிர் முடியற சமயத்துக்கு. ஐயா ஸ்வெட்டர் போட்டிருந்தாரே, கவனிச்சீங்களா? இப்ப யாரும் கத்தரிக்கோலைத் தூக்கிடாதீங்க." இதற்கும் ஒரு சிரிப்பு.

  டீச்சர் விடைத்தாளில் தப்பென்று ஒரு பெருக்கல் குறி போட்ட சத்தம் அந்த அறையில் தனியாகக் கேட்டது.

கண்ணாடிக் கடைக்காரர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தொப்பிக்காரர் மேல் முடியாது. எப்போதோ, சரியான நேரத்தில், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சிரிப்புக்காரி மேல் படலாம். ஆனால் அவள் இந்தத் தடவை லீவில் போனதைத் தவிர எந்தத் தப்பும் செய்யவில்லை.

நேயர் நேரம் வந்தது. கை பழக்கத்தில் எண்ணைச் சுழற்றியது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷம் கிடைக்காத லைன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அக்கா எந்த ஊரில் இருந்தாலும் இதைப் பார்க்காமல் இருக்கமாட்டாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பாள். வைத்துவிடலாம். வைத்துவிட்டால் அந்த இரண்டு குச்சிக்கும் கதி இல்லை.

"வணக்கம் சார், டிவி சத்தத்தக் குறைச்சிட்டுப் பேசுங்க. உங்க பேரு?"

"பேரெல்லாம் வேணாம்மா. ஒரு நேயர்."

"சரி நேயர் சார். நிகழ்ச்சியப் பத்தி உங்க கருத்து?"

மூன்று வருஷக் கருத்து தொண்டை வரை வந்து நின்றது. அவர் கனைத்துக்கொண்டார். "கருத்து இருக்கட்டும்மா. ஒரு எலுமிச்சை. மொட்டு விட்டிருந்தது. வெட்டிட்டேன். ரெண்டு கிளைதான் மிச்சம்."

"ஐயோ." முதல்முறையாக அவள் சிரிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "ஐயாவோட பழைய நிகழ்ச்சியப் பாத்தா சார்?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பழி இறங்கிவிடும்.

"இல்ல," என்றார் அவர். "அவர் என்ன பண்ணுவாரு. நானாத்தான் வெட்டினேன்."

"பரவாயில்ல சார், வேர் நல்லா இருந்தாத் தழைச்சிரும். காய் இந்த வருஷம் எதிர்பார்க்காதீங்க. உரம் போடாதீங்க, மண்ணு காஞ்சாத் தண்ணி ஊத்துங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க. தொடாதீங்க."

அதே வார்த்தை. அக்காவும் இவளும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல்.

போனைக் கீழே வைத்ததுதான் தாமதம், அது அடித்தது.

"நேயரா?" என்றாள் அக்கா.

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"கனைப்பக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. எத்தனை கிளைடா? ரெண்டா? பொய் இல்லையே?"

"ரெண்டு இருக்குக்கா."

"தொப்பிக்காரரப் பாத்துத்தானே வெட்டின? அன்னிக்கு நானும் இங்க பாத்தேன். ஸ்வெட்டரப் பாத்தேன், மறு ஒளிபரப்புன்னு போட்டதயும் பாத்தேன். உனக்குப் போன் பண்ணி வெட்டிடாதன்னு சொல்லணும்னு கைய எடுத்தேன். அவ்வளவு முட்டாளாவா இருப்பான்னு விட்டுட்டேன்." பின்னால் குழந்தை அழுதது. அவள் அதைத் தட்டிக்கொடுக்கிற ஓசை கேட்டது.  திட்டியிருக்கலாம். "எத்தனை வருஷம்டா," என்று மட்டும் சொன்னாள். குரல் உடைந்திருந்தது.

"வாக்கா. வந்து அடி."

"வரத்தான் போறேன். அதுவரைக்கும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதுகிட்டப் போ. கண்ணாடி இல்லாமப் போகாத." வைத்துவிட்டாள்.

டீச்சர் ஏற்கெனவே இழுப்பறையைத் திறந்திருந்தாள். உறையைப் பிரித்து, துணியால் ஒரு துடை துடைத்து நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டார். கீழே போய்ப் பார்த்தார். இரண்டு குச்சி. தெளிவாக, ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக. துளிர் எதுவும் இல்லை. எறும்புதான்.

திரும்பி மேலே வந்தபோது நிகழ்ச்சி முடியப் போகிற நேரம். பாட்டுக்காரன் பூவாளியோடு ஏதோ பாடிக்கொண்டிருந்தான். சிரிப்புக்காரி கேமராவுக்குக் கை அசைத்து விடைபெற்றாள். கை பெரிதாகத் திரையில் வந்தது. ஐந்து நகத்தின் அடியிலும் கருப்பாக மண். கட்டைவிரலில் ஒரு பழைய முள் கீறல்கூட இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிப் பார்ப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

"என்ன?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமில்ல. பவர் கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன் போல," என்றார் எரிச்சலாக. ஆனால் கழற்றவில்லை.